மாப்பிள்ளை அழைப்புக் குதிரை

ஹாங்க் டார்பி, ஊமைப்படக் காலத்து அமெரிக்கக் கௌபாய் நடிகர். அவருடைய வாழ்க்கையை ‘குதிரைமேல் பிறந்தவன்’ என்று நூலாக எழுதியவர் பாளையங்கோட்டை ஹென்றி. வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் மாடி அறையில் ‘மேலைத் திரை ஆய்வு மையம்’ நடத்திவருகிறார். மையத்தில் ஒரு மேசையும் ஹென்றியும் உண்டு.

வெளியீட்டு விழாவிலேயே ‘திரை ஆய்வுச் செம்மல்’ பட்டமும் சால்வையும் தருவதாக ஏற்பாடு. பட்டம் தரும் கலைக்கழகத்தின் தலைவர் குற்றாலலிங்கம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“கௌபாய் வேஷத்துல குதிரையில வந்து இறங்கும்வே. பேப்பர்ல போட்டோ வரணும்லா. நடந்து வந்தா பட்டம் கெடையாது.”

அன்றிலிருந்து ஹென்றியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதித் தோசையில் எழுந்து வாசலுக்குப் போவார். ஜெபத்தில்கூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அவருக்குக் குதிரையேறத் தெரியாது. டார்பிக்கும் தெரியாது. தெரியுமென்று புளுகி வேலைக்குச் சேர்ந்து, முதல் நாளே விழுந்தவர் அவர். அப்புறம் மரக்குதிரையில் உட்காரவைத்து முகத்தை மட்டும் படம்பிடித்தார்கள். அதை எழுதினால் செம்மல் ஆகமுடியுமா? ஹென்றி எழுதவில்லை.

“அந்த மரக்குதிரை மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கிருங்களேன்,” என்றாள் மனைவி ஞானசௌந்தரி. “என்கிட்ட மட்டும் சொன்னியள்லா!”

விழா மாலை, மாப்பிள்ளை அழைப்புக்கு விடும் வெள்ளைக் குதிரையோடு மேலப்பாளையம் இர்ஷாத் வந்தார். நாலு பேர் சேர்ந்து ஹென்றியை ஏற்றினார்கள்.

“சாதுவான குதிரை, அண்ணாச்சி. கயித்த நான் புடிச்சுக்கிடுதேன், பையப் போவோம். பேண்டுச் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது.”

“கேட்டா?”

“கல்யாணம்னு நெனச்சுப் போயிரும்.”

முக்குத் திரும்பியதும் கேட்டது. இர்ஷாத் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு குதிரை பாய்ந்தது. விழா அரங்க வாசலில் நின்ற குற்றாலலிங்கம், “வேகத்தப் பாரும்வே!” என்று கைதட்டினார். ஹென்றி அரங்கைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் குதிரை நின்று, பழக்கப்படி தாளத்துக்குக் காலை மாற்றி மாற்றி வைத்தது. ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள் திகைத்தார்கள்.

“ஏட்டி, மாப்பிள்ளைக்கு இவ்வளவு வயசா?”

ஹென்றி ஒரு கையால் பிடரியைப் பிடித்தபடி, அடித்த போனை எடுத்தார்.

“எங்கவே இருக்கீரு? சிறப்பு விருந்தாளி கெளம்பப் போறாரு!” குற்றாலலிங்கம்.

“மண்டபத்துல. குதிரைமேல.”

“இறங்கி ஓடி வாரும். நடந்து வந்தாலும் பட்டம் உண்டு!”

ஹென்றி கீழே பார்த்தார். தரை எங்கோ கிடந்தது. முந்நூறு பக்க நூலில், இறங்குவது எப்படி என்று ஒரு வரி இல்லை. டார்பிக்கு அந்தச் சிக்கலே வந்ததில்லை. ஏறிய அன்றே விழுந்துவிட்டார்.

“இறங்கத் தெரியாதுவே.”

“அப்பச் சரி. சால்வை வீணாப் போயிரக் கூடாதுலா? நானே வாங்கிக்கிடுதேன்.”

போனில் கைதட்டல் கேட்டது. குதிரை அதற்கும் ஆடியது.