குழாயடிக் கோரை

முப்பது வருசம் பிறத்தியார் காட்டில் களை எடுத்த கை. கோரையைக் கண்டால் சும்மா இருக்குமா? செல்வமணி டீச்சர் மகள் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்போது, "குழாயடிச் செடிக்கு ஈரம் காயக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கல்வாழையைத்தான் சொல்கிறார் என்று வீட்டு வேலை பார்க்கும் வேலுத்தாய் நினைத்துக்கொண்டாள். அதன் காலடியில் ஓரம் வெளுத்த கோரை கொத்துக் கொத்தாக மண்டிக் கிடந்தது. வேரோடு பிடுங்கி, வெயிலில் காயப்போட்டு, குப்பையோடு கொளுத்தியும் விட்டாள். இடம் பளிச்சென்று ஆனதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

பத்தாம் நாள் திரும்பிய டீச்சர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எங்க என் புல்லு? சுனாமிக்கு மறு வருசம் கொடைக்கானல்ல இருந்து மடியில வச்சுக் கொண்டாந்தேன். கோடையிலகூடப் பச்சை மாறாம நின்னுச்சே!"

 மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் பட்டாசுக் கம்பெனியை விட்டு நின்ற வேலுத்தாய்க்கு இந்த வீட்டு வேலைதான் கஞ்சி ஊற்றியது.

"கருப்பம்மா ஆடு மேஞ்சிருச்சு டீச்சர்."

"வேரோடயா?"

"குளம்பு பட்டு வேரும் பேந்துபோச்சு." ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்றும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளிடம் டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. "ஆட்டக் கட்டிப் போடக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் வேலுத்தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தப்புத்தான் டீச்சர், கோவிச்சுக்கிடாதீக" என்று கருப்பம்மாள் தலையைக் குனிந்துவிட்டாள். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். ஆட்டைப் பார்க்க ஆள் கிடையாது.

வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. வாயில்லா ஜீவன்மேல் பழியைப் போட்டோமே என்று மனசு அறுத்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே நான்கு நாளைக் கடத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பம்மாள் கண்மாயில் தோண்டிய கோரையைச் சாக்கில் சுமந்து வந்து, டீச்சர் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து நட்டாள்.

"ஒங்க புல்லு மாதிரி வராது டீச்சர். ஆனா ஈரம் இருந்தா இதுவும் வாடாது."

வேலுத்தாயால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஆடு தின்னல டீச்சர். நான்தான் களைன்னு பிடுங்குனேன். வேலை போயிரும்னு பொய் சொல்லிட்டேன்."

 "புல்லுதானே, விடு. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார் டீச்சர். வேலுத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கருப்பம்மாள் கைச் சேற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமையே சாத்தூர் யாவாரிகிட்டப் பிடிச்சுக் குடுத்துட்டேனே வேலுத்தாயி" என்றாள். "சினை ஆடு."