எல்லோரும் பாராட்டிய நோய்

"அம்மா, சோப்பு மாதிரி நீயும் கரைஞ்சு தீர்ந்து போயிடுவியா?"

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்ட மகள் இப்படிக் கேட்டாள். முன்பெல்லாம் அவளுடைய கைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சந்திக்காது. அன்று சந்தித்துவிட்டன. அம்மா சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி சலவைக்கடை வரைக்கும் அவளோடு வந்தது.

கடையில் அவளுக்குப் பெயர் குண்டக்கா. சில மாதங்களாக அப்படிக் கூப்பிடவே எல்லோரும் தயங்கினார்கள். "என்ன ரகசியம்? எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். சொல்ல ஒன்றுமில்லை. முன்பைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டாள். உடம்பு தானாக இறங்கியது. சும்மா நிற்கும்போதும் ஓடி வந்தவள்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை நடுங்கியது.

பக்கத்து மேசைக்காரி மட்டும் அதைக் கவனித்தாள். அவளுக்குப் பெயர் குச்சி. நடுங்கும் கையில் எளிதில் கருகிவிடும் மெல்லிய துணிகளையெல்லாம் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட போனியாக்கா?"

"போய் என்னத்தச் சொல்ல? கால்வலின்னு போனா எடையக் குறைன்னாங்க. காதுவலின்னு போனா அதுக்கும் அதேதான். இப்ப எடையே குறைஞ்சு நிக்கறேன். கை தட்டுவாங்க."

"தட்டினா வாங்கிட்டு வா. உன் மூட்டையையும் நானே தேச்சு வைக்கறேன். போக்கா."

உண்மையிலேயே கை தட்டாத குறைதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடையை உரக்கப் படித்தாள். எப்போதும் அந்தக் குரலுக்குக் குண்டக்கா கூசிப்போவாள்; இன்று வரிசையில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது! என்ன பண்றீங்க, நடக்கறீங்களா?"

"ஆமா டாக்டர், நடக்கறேன்."

வாய் பொய் சொல்லிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அதை இழக்க மனம் வரவில்லை. எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. இதைத் தாண்டிவிட்டால் மறுபடி வரத் துணிவிருக்காது. வந்தாலும் பாராட்டுவார்கள். பாராட்டு வாங்கியபடியே செத்துப்போவேன். கடவுளே, ஒரு வார்த்தை பேச வை.

திரும்பினாள்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். நான் நடக்கல, பட்டினியும் கிடக்கல. அது பாட்டுக்குக் குறையுது. எனக்குப் பயமா இருக்கு."

அடுத்தவரை அழைக்க மணிக்குப் போன டாக்டரின் கை நின்றது.

"உக்காருங்கம்மா."

கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. நாடி பிடித்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இதற்குமுன் அவர் அவளைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

"நான்தான் கேட்டிருக்கணும்" என்றார் மெல்ல. "ஒல்லியான ஒருத்தர் இப்படி இளைச்சு வந்திருந்தா பதறியிருப்பேன். உங்களுக்குன்னா நல்ல சேதின்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

"செத்துருவேனா டாக்டர்? சின்னப் பொண்ணு இருக்கு."

"தைராய்டா இருக்கும்னு தோணுது. ரத்தம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை, மகள் கட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் அவள் ஏதோ வேலையிருப்பதுபோல விலகினாள். அந்தச் சின்னக் கைகள் இன்று எவ்வளவு தூரம் சுற்றுகின்றன என்று தெரிந்துகொள்ளப் பயம். பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் உதடு அசையாமல் வேண்டிக்கொண்டாள்.

தைராய்டுதான். அளவுக்கு மீறிச் சுரந்து உடம்பை உருக்கியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கட்டுப்பட்டதும் எடை திரும்ப ஏறலாம். அதுக்காக உங்களைத் திட்ட மாட்டேன்" என்றார்.

எடை ஏறியது. "ஐயோ பாவம், திரும்ப உடம்பு போட்டுட்டியே" என்று கடையில் உச்சுக்கொட்டினார்கள். அவள் அடுத்த துணியை விரித்தாள். நெஞ்சு அதன் இயல்பான வேகத்தில் அடித்தது. மகளை இப்போது தானே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஒருநாள் குச்சி தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வேலையைப் பாதியில் விட்டுப் போனாள். மறுநாள் காலை கடையைத் திறக்கும் முறை குண்டக்காவுடையது. இன்னும் யாரும் வரவில்லை. குச்சியின் மேசையில் துணி மலைபோல் குவிந்திருந்தது. குண்டக்கா பெட்டியைச் சூடாக்கி, மெல்லிய துணிகளிலிருந்து தொடங்கினாள். கை நடுங்கவில்லை. எல்லாவற்றையும் தேய்த்து மடித்துக் குச்சியின் அலமாரியில் அடுக்கினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் தன் மேசைக்குப் போய், அப்போதுதான் வந்தவள்போல முதல் சட்டையை உதறினாள்.