சூடு தெரியாத பேட்டரி

தென்காசியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் என்றால் உவைஸ்தான் என்று பெயர். அந்தப் பெயர் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. கம்பெனிக்காரன் முடியாது என்று கைவிரித்ததை முடித்துக் காட்டுவதில் அப்படி ஒரு ருசி.

அவனுடைய அக்கா ஃபாயிஸா, சீசனில் ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜுகளுக்கு ஸ்கூட்டரில் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவள். முன்னும் பின்னும் பிரியாணிப் பாத்திரம். அந்தப் பாரத்தோடு ஏற்றம் ஏறினால் பேட்டரி சூடாகி வண்டி நின்றுவிடும்.

"பாதி ரோட்டுல நிக்க வச்சிருதுலே. சோறு ஆறிப்போவுது, லாட்ஜ்காரன் ஏசுதான்" என்று தம்பியிடம் வந்து நின்றாள்.

உவைஸ் பேட்டரியைத் திறந்தான். சூட்டைப் பார்த்து வண்டியை நிறுத்துகிற சென்சரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து ஒட்டினான். இனிப் பேட்டரி கொதித்தாலும் உள்ளே இருக்கிற போர்டுக்குக் குளுகுளுவென்றுதான் தெரியும்.

"இனிமே நிக்காது லாத்தா" என்றான். நிற்கவில்லைதான்.

மூன்றாம் வாரம், சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிய ஃபாயிஸா, வண்டியை வந்த சூட்டோடு சார்ஜில் போட்டாள். சென்சர் இருந்திருந்தால் சூடு தணிகிறவரை சார்ஜே ஏறியிருக்காது. கால் மணி நேரத்தில் புகை வந்தது. பிளக்கைப் பிடுங்க ஓடிய பத்து வயது மகள் ஆஷிகாவுக்கு, பேட்டரி வெடித்ததில் வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "வந்த சூட்டோட போட்டா வெடிக்காம என்ன செய்யும்" என்றார்கள். கணவன் கிதிர் முகம்மது, வேலைக்குப் போயிருந்த தம்மாமிலிருந்து வீடியோ காலில் கத்தினான். "அரை மணி நேரம் பொறுக்க முடியலியா? பிள்ளையக் கொன்னிருப்பியே!"

ஃபாயிஸா தன் தப்புதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற உவைஸ் சென்சரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் வருவதற்குள் கருகிய பேட்டரியைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தியும் விட்டான். பயந்துவிட்டான் என்று சொல்லி அவனைத் தப்பவிட முடியாது. பெயர் கெட்டுவிடுமே என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஷிகா இடது கையால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அன்று, தன் மூஞ்சியில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் ஃபாயிஸா கடைக்கு வந்தாள்.

"லாட்ஜுக்குச் சோறு இனிமே இல்லன்னு சொல்லிட்டேன். அந்தப் பாத்திரத்த எல்லாம் யாருக்காவது தள்ளிவிட்டுரு. இனிமே வண்டியத் தொடவே மாட்டேன்."

"லாத்தா, தப்பு உன்மேல இல்ல. நான் செஞ்சது."

அவள் சிரித்தாள். "என் மனசு ஆறட்டும்னு பழிய நீ ஏத்துக்கிடுதியாக்கும். ஒன்னய மாதிரி தம்பி யாருக்குலே கெடைப்பான்?" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மேஜை இழுப்பறையைத் திறந்து, தூக்கி எறியத் துணிவில்லாமல் வைத்திருந்த அந்தச் சென்சரை எடுத்து அவள் கையில் வைத்தான். தான் பிடுங்கியதையும், அது இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஃபாயிஸா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ, நான் இல்லையா?"

"இல்ல லாத்தா."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நாலு மாசமா அந்தப் பிள்ள, சோறு ஊட்டிவிடும்மான்னு கேக்குது. அந்தக் கையப் பாக்க மாட்டாம, வேற யாரையாச்சும் ஊட்டச் சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவேன்லே."

"மன்னிச்சிரு லாத்தா."

அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடையப் பூட்டு. ஒங்க உம்மா இல்ல, நான்தான்னு ஆஷிகாகிட்ட நீ ஒன் வாயால சொல்லணும். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."