ரஜியாவின் இடது கண்

கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருந்த முகம்மது கவுஸின் மனைவி ரஜியாவுக்கு இடது கண் துடிக்க ஆரம்பித்து நான்கு வருடமாகியிருந்தது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நான்கு வருடம் துடித்தால் எவ்வளவு நல்லது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணோடு கன்னமும் உதட்டோரமும் சேர்ந்து இழுக்க ஆரம்பித்தபோதே அவள் கடைக்குப் போவதை விட்டுவிட்டாள். பிறகு கொரோனா வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்ணடிப்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வெட்கப்பட்டு, கால் கிலோ வெண்டைக்காயைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு வாசலுக்கு வருவதும் நின்றது.

மகள் ரிஹானாவுக்குச் சம்பந்தம் கூடிவந்து, மாப்பிள்ளையின் அப்பா வரப்போகிறார் என்றதும் கவுஸ் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார். நரம்பு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பில் உரசுகிறதாம், அதனால்தான் இந்த இழுப்பாம். கெட்டுப்போன சாப்பாட்டில் உண்டாகும் ஒரு விஷத்தை ஊசிமுனை அளவு போட்டால் துடிக்கிற தசை அடங்கிவிடும். மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். போடாக்ஸ் என்று இதே விஷத்தைத்தான் சினிமாக்காரர்கள் நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். அப்போது கவுஸ் நிமிர்ந்து உட்கார்ந்ததை ரஜியா கவனிக்கவில்லை. அவள் இன்னும் விஷத்திலேயே நின்றிருந்தாள்.

எறும்பு கடித்த மாதிரி ஐந்தாறு குத்து, அவ்வளவுதான். நான்கு மணி நேரம் படுக்கக்கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தால் கவுஸைக் காணோம். அரை மணி கழித்துப் பக்கத்துத் தோல் டாக்டர் அறையிலிருந்து வந்தார். புருவங்களுக்கு நடுவே சிவப்பாகப் புள்ளிகள். கேட்டதற்குக் கொசு என்றார்.

திரும்பும் வழியில், உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரஜியா தூங்கி விழும்போதெல்லாம் கவுஸ் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். கடைசியில் இருவரும் காற்றுக்காக இறங்கி நின்றார்கள். ரோட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி ரஜியாவையே பார்த்தாள். ரஜியாவின் கண் அடித்தது. அவளும் பதிலுக்குக் கண்ணடித்தாள்.

அவள் திருநாவலூர் சாலம்மாள், கரும்பு வெட்டுகிறவள். மகன் நல்ல மார்க் எடுத்தும் காலேஜில் சீட் கிடைக்கவில்லை, அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். ரஜியா தன் கண் கதையைச் சொன்னாள்.

“வெசத்தையா குத்திக்கினு வர்ற, பாயம்மா?” என்றவள் கவுஸை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்க வூட்டுக்காரருக்கும் கண்ணு அடிக்குமா இன்னா? நெத்தியில குத்தியிருக்காங்களே.”

ரஜியா திரும்பினாள். ஐம்பத்தாறு வயது கவுஸ் ஒரு லாரியின் நம்பரை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாலம்மாளும் சிரித்தாள். விஷயம் தெரியாமலே பக்கத்தில் இருந்த பெண்களும் சிரிக்க, ஒரு கோஷம் பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் ரஜியாவின் கண் அடங்கியது. கவுஸின் நெற்றியும் அடங்கியது. அதில்தான் வந்தது வினை. கவுஸின் முறைப்பு ஊரறிந்தது. ஒரு தடவை முறைத்தால் கடை ஆட்கள் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா அப்துல்லா வந்தார். கரியாலூர்ப் பக்கம் கடுக்காயும் தேனும் வாங்கி விற்கிறவர். பிப்ரவரியிலேயே நிக்காஹ் வைத்துவிடலாம், பெண் கடைசி வருஷம் படித்து முடிக்க வேண்டியதில்லை என்றார். கவுஸ் முறைத்தார். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி முறைத்தார். நெற்றி கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

“பாய்க்கு முழு சம்மதம். மொகத்துலயே தெரியுதுங்க” என்றார் அப்துல்லா.

திரைக்குப் பின்னால் நின்றிருந்த ரஜியா வெளியே வந்தாள். நான்கு வருடத்தில் ஓர் அந்நிய ஆணின் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அன்றுதான்.

“அவரு ரொம்பக் கோவமா கீறாருங்க. ஊசி போட்டதால வெளிய தெரியல, அதனால நான் சொல்றேன். எம்பொண்ணு படிச்சி முடிக்கட்டும். அப்பறம்தான் நிக்காஹ்.”

அப்துல்லா கவுஸைப் பார்த்தார். அங்கே ஒரே சாந்தம். ரஜியாவைப் பார்த்தார். இரண்டு கண்ணும் அசையவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஜூனில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் தெரு திரும்பும் வரைக்கும்தான் அடக்க முடிந்தது. எவ்வளவு கோபமாக முறைத்தேன் தெரியுமா என்று கவுஸ், பால் குடித்த குழந்தை முகத்தோடு கத்தினார். ரிஹானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரஜியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசி போட்ட இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கி, அவள் சிரிப்பு கோணலாக வந்தது. அதைப் பார்த்ததும் கவுஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச்சில் கண் மறுபடி லேசாகத் துடித்தது. இந்தத் தடவை தான் வரவில்லை, கடையில் வேலை ஜாஸ்தி என்றார் கவுஸ். ஆனால் புதுச்சேரி பஸ் கிளம்பும் நேரத்துக்குத் தலைவாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.  ரஜியா நகர்ந்து, ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்தாள்.