லைனை வெட்டிய ஞாயிறு

துபாய் தேராவில் அத்தர் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுக்கு வாயை அடக்கத் தெரியாது. இல்லாவிட்டால், ஞாயிறுதோறும் இணைய வானொலியில் பிறந்தநாள் வாழ்த்தும் பாட்டும் போட்டுக்கொண்டு சிவனே என்றிருந்த மனிதர் அன்றைக்கு ஏன் அப்படிக் கத்த வேண்டும்?

போன் செய்தவர் பெயர் சொல்லவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்று அந்த நிகழ்ச்சியில் யாருமே சொல்வதில்லை. 'புஜைரா நேயர்' என்றால் புஜைரா நேயர்தான். பாட்டுக் கேட்க வந்தவர் ஊர் அரசியலுக்குத் தாவினார். எம்.எல்.ஏ. சரியில்லை, ரோடு சரியில்லை, எதுவுமே சரியில்லை.

"கடைசியா எப்ப ஓட்டுப் போட்டீங்க?" என்று குறுக்கிட்டார் நெய்னா.

"இருபத்திரண்டு வருஷமா லீவு தோதுப்படல..."

"ஓட்டே போடாதவருக்கு வாய் எதுக்குங்கிறேன்? வைங்க போனை! கலாஸ், முடிஞ்சுபோச்சு!"

லைனை வெட்டிவிட்டார். வழக்கமாக நூறு பேர் கேட்கும் நிகழ்ச்சியை மறுநாளுக்குள் ஒன்பதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். 'அடுத்த வாரம் யாரைத் திட்டுவீங்க?' என்று குவைத் அப்பாசியாவிலிருந்தெல்லாம் செய்தி. நெய்னாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவி மதீனா பீவி பதிவைக் கேட்டாள். அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி மனுசா! இது யஹ்யா காக்கா குரலுல்ல!"

புஜைராவில் இருக்கும் யஹ்யா, மகள் ஹிஃப்ஸாவைக் கட்டப்போகும் உஸைரின் வாப்பா; மதீனா அண்ணன் முறையில் காக்கா என்பாள். நிக்காஹ் தேதி குறிக்க ஐந்தே நாளில் வருவதாக இருந்தவர். ஹிஃப்ஸா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெய்னா போட்ட பதினேழு போனையும் யஹ்யா எடுக்கவில்லை. சோறு இறங்குமா? என் பிள்ளை வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்தேனே என்று மனிதர் உருகிப்போனார்.

சனிக்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் யஹ்யா, கையில் தொதல் அல்வா டப்பாவோடு.

"மன்னிச்சிருங்க சம்பந்தி, நீங்கன்னு தெரியாம..."

"போனை வேணும்னுதான் எடுக்கல. நீங்க லைன வெட்டினா நான் வெட்ட மாட்டனா?" யஹ்யா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பாடா! நெய்னாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தேதியும் குறித்தாயிற்று. ஹிஃப்ஸாவின் கதவும் திறந்துகொண்டது.

சுலைமானி டீயை உறிஞ்சியபடி யஹ்யா கேட்டார்: "ஆமா, நீங்க கடைசியா எப்ப ஓட்டுப் போட்டீங்க?"

நெய்னா கிளாஸைக் கீழே வைத்தார். "நானா... இருபத்தாறு வருஷம் இருக்கும் சம்பந்தி."

"அத நாளைக்கு ரேடியோவுல சொல்லுங்க. நான் போன் பண்றேன். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் லைன வெட்டக் கூடாது."