பெரிசு சொன்ன பதினேழு

சீட்டு இல்லாமல் அவள் ஸ்டோரிலிருந்து ஒரு நட்டுகூட வெளியே போகாது. அதனால்தான் அந்தச் சின்ன வால்வு தொழிற்சாலையில் அவளுக்குச் சீட்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளி கூடப்பிறந்த அண்ணன்தான். அவரே வந்து நின்றாலும், "சீட்டு எங்கண்ணா?" என்பாள். பதினோரு வருஷமாக இதே கதை. அவள் நோட்டில் எழுதியது தப்பென்று யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி நோட்டு வேண்டாம் என்று முடிவாகி, இரண்டு கம்பெனிகளின் மென்பொருள் சோதனைக்கு வந்தன. எதை வாங்குவதென்று அவள்தான் சொல்லவேண்டும். ஒன்றுக்குத் திரை முழுக்கப் பொத்தான்கள். அதற்குப் பெரிசு என்று பெயர் வைத்தாள். போனிலேயே ஓடும் மற்றது சின்னது. சோதனை தொடங்கிய அன்றுதான் புது மாடல் வால்வுக்கென்று அறுநூறு ஓரிங் வந்து இறங்கியது. ஓரிங் என்றால் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், வால்வுக்கு ஒன்று. இரண்டிலும் அறுநூறு என்று ஏற்றினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் வந்தது வினை. விற்பனையைக் கவனிக்கிற அண்ணி, பெரிசின் திரையில் இருநூற்று நாற்பது ஓரிங் இருப்பதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை லாரியில் இருநூற்று முப்பது வால்வு ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். சின்னதைத் திறந்தால் அது நாற்பது என்றது. சீட்டக்கா அலமாரியில் எண்ணினாள். நாற்பதேதான். புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும்.

"பெரிசு புளுகுது, தூக்கிக் கடாசு!" என்று அண்ணன் குதித்தார். "வெள்ளிக்கிழமை லாரி காலியா போச்சுன்னா ஸ்டோர் சாவியை எங்கிட்ட குடுத்துட்டு நீ பேக்கிங்குக்குப் போயிடு. தங்கச்சின்னு பார்க்க மாட்டேன்."

சுருக்கென்று தைத்தது. ஆனால் அசருகிற ஆளா அவள்? "ரெண்டும் புளுகலண்ணா. சாயங்காலத்துக்குள்ள காட்டறேன்" என்றாள்.

ஸ்டோர் வாசலைத் தாண்டியதுமே சின்னது கழித்துவிடும். பெரிசு அப்படியில்லை, வால்வு முழுசாகத் தயாரான பிறகுதான் அதற்குள் போன ஓரிங்கையும் பூட்டும்போது கிழிந்ததையும் கழிக்கும். அப்படியானால் வாசலைத் தாண்டியும் வால்வுக்குள் போகாத, கிழியவும் செய்யாத இருநூறு ஓரிங், இதே கட்டடத்துக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. "அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

வால்வு பூட்டுகிற கூடத்தில் ஏழு ஃபிட்டர்கள், ஏழு மேசைகள். "எல்லாரும் டிராயரைத் திறங்க பார்ப்போம்" என்றாள். ஒருவரும் அசையவில்லை.

"என்னக்கா, நாங்க என்ன திருடங்களா?" என்று மூத்த ஃபிட்டர் முகம் சுளித்தார்.

"யார் திருடன்னு சொன்னா? ஓரிங் எங்கேன்னுதானே கேக்கறேன்."

முனகிக்கொண்டே திறந்தார். மாத்திரை டப்பா ஒன்றில் முப்பத்தொரு ஓரிங். அடுத்த மேசையில் சாப்பாட்டு டப்பாவுக்குள், அதற்கடுத்ததில் கைக்குட்டை முடிச்சில். ஒருத்தி கம்பியில் வரிசையாகக் கோத்தே வைத்திருந்தாள்.

"எதுக்குப்பா இந்தப் பதுக்கல்?"

"எதுக்கா? நல்லா கேட்டீங்க போங்க. ஒண்ணு கிழிஞ்சு போச்சுன்னு ஸ்டோருக்கு ஓடி வந்தா, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கிட்டு வான்னு விரட்டுவீங்க. அந்த மனுஷனைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள அரை மணி நேரம் காலி. அதான் சீட்டு எழுதும்போதே பத்து சேர்த்து எழுதிடறது" என்றாள் கம்பியில் கோத்து வைத்திருந்தவள்.

சீட்டக்காவுக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து எண்ண ஆரம்பித்தாள்.

டிராயர்களில் நூற்று எண்பத்து மூன்று தேறியது. அலமாரியில் உள்ள நாற்பதோடு இருநூற்று இருபத்து மூன்று. அண்ணனும் வந்து விரல் விட்டு எண்ணினார். "இன்னும் ஏழுதான். ஏழு கிடைச்சா லாரி ஏறிடும்."

"பெரிசு கணக்கு இருநூத்தி நாப்பது. அப்படிப் பார்த்தா இன்னும் பதினேழுண்ணா."

"அது கெடக்கு. ஏழைத் தேடு."

"எங்க டிராயரைத் தொடச்சே குடுத்தாச்சு. இனிமே ஒண்ணுகூடக் கிடையாது" என்றார் மூத்த ஃபிட்டர்.

சீட்டக்காவுக்குக் காது சூடேறியது. மிச்சம் எங்கே என்று அவளுக்குத் தெரியும். எப்போதாவது யாராவது இரண்டு, மூன்று என்று திருப்பித் தந்தால், வரவு வைக்காமல் அவசரத்துக்கென்று தன் பேனா டப்பாவில் போட்டு வைப்பாள். ஸ்டோருக்குள் போய் அந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். ஏழை மட்டும் எடுத்து, அலமாரிக்கு அடியில் கிடந்தது என்று சொன்னால் எவனும் தோண்டப் போவதில்லை. சாவி தப்பும், மானமும் தப்பும். பெரிசின் பதினேழில் மிச்சம் பத்து உதைக்கிறதே என்றால் பழியைப் பெரிசின் தலையில் போட்டுவிடலாம்.

சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கூடத்துக்கு வந்து மூத்த ஃபிட்டரின் மேசையில் டப்பாவை அப்படியே கவிழ்த்தாள்.

அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். "பதினஞ்சு, பதினாறு, பதினேழு. இது யார் டிராயர்க்கா?"

"என்னோடது."

அண்ணன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீட்டு எங்கம்மா?" என்றார்.

ஏழு ஃபிட்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பெரிசையே வாங்கிடலாம்ணா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணுகூடப் பிசகல. இனிமே மேசைக்குப் பத்து ஓரிங் இங்கேயே இருக்கட்டும். கிழிஞ்சா எடுத்துக்கட்டும், சீட்டு வேண்டாம். பெரிசுல ஒவ்வொரு டிராயரையும் ஒரு இடமா பதிஞ்சுடறேன்."

"சாவி?" என்றார் அண்ணன்.

"அது எங்கிட்டதான் இருக்கும்."

திரும்பிப் போய்ப் பெரிசைத் திறந்தாள். ஏழு ஃபிட்டர்களின் டிராயர்களுக்கு முன்னால் வேறொன்றை முதல் வரியில் ஏற்றினாள். இடம்: சீட்டக்கா டிராயர். இருப்பு: பூஜ்யம்.