விக்டர் வண்டியின் ஆறு பலகைகள்

1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போன அதே வாரத்தில், சாந்தோம் விக்டருடைய வண்டியின் பின்பலகைகள் ஆறில் இரண்டு மட்டும் மூன்று விரற்கடை வளர்ந்தன. அந்த வாரம் அடுப்புக்கரி மூட்டைக்கு நாலணா ஏறியிருந்தது. பேட்டையில் அதைப் பற்றித்தான் பேச்சு. பலகை வளர்ந்ததை முதலில் பார்த்தவள் விக்டரின் மனைவி நோரா. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் கண்ணை நம்பாமல், அடிக்குச்சி கொண்டுவந்து மூன்று முறை அளந்தாள். பிறகு அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். அவளுடைய மகன் எங்கே இருக்கிறான் என்று சர்க்காருக்கே தெரியாத காலம் அது.

வண்டி வந்த வழியைச் சொன்னால்தான் இது விளங்கும். வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த விக்டருக்கு, 1940இல் மோட்டார் ஆசை வந்தது. கோபாலபுரத்தில் ஒரு பங்களாவின் பின்பக்கம், புங்கமரத்தடியில், பழைய அமெரிக்க பிக்கப் வண்டி ஒன்று பத்து வருஷமாகக் கிடந்தது. சீட்டில் கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மரத்தின் வேர் ஒன்று சக்கரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. கோழிகளைக் கெஞ்சி, வேரை வெட்டி, இரண்டு ஜோடி மாடு பூட்டி, ராயப்பேட்டையில் ஷரஃபுதீன் பாயின் கொட்டகைக்கு இழுத்துப் போனான். மனுஷர்களோடு அதிகம் பேசாத பாய் எஞ்சினோடு நன்றாகப் பேசுவார். இறுகிப்போன பிஸ்டன்களில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தார். ரேடியேட்டரில் பதினேழு ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். எட்டாம் மாதம் கிராங்க் போட்டதும் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. விக்டர் ராயப்பேட்டை முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

பின்பக்க பாடியைத்தான் கறையான் தின்றுவிட்டிருந்தது. பீரோவோ பியானோவோ எந்தப் பக்கத்திலிருந்தும் ஏற்றும்படி, பக்கச் சட்டமே இல்லாத மேடை ஒன்று விக்டருக்கு வேண்டும். லாரிக்கு பாடி கட்டும் தச்சர்கள் எல்லாரும் பட்டாளத்து வேலையில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவன் விக்டருடைய அதே கோயில் பங்கைச் சேர்ந்த பிரகாசம். அவன் சவப்பெட்டி செய்கிறவன். அளவு நாடா என்று அவனிடம் ஒன்று கிடையாது. ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், தலைக்கு நாலு விரல், காலுக்கு நாலு விரல் விட்டுப் பலகை அறுப்பான், மயிரிழை தப்பாது. வண்டிக்கும் அப்படியே செய்தான். விக்டர், நோரா, மகன் ஜோன் மூன்று பேரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தான். ஆளுக்கு இரண்டு வேங்கைப் பலகை, அவரவர் உயரத்துக்கு அறுத்து, இரும்புப் பட்டை மேல் முடுக்கிவிட்டான். மேடையின் பின்விளிம்பு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. விக்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆளப் பாக்காம நமக்கு அளவு வராது விக்டரண்ணே," என்றான் பிரகாசம். "வண்டிக்குன்னு தனியா வேற கண்ணா கீது?"

ஊர் அதற்குப் படிக்கட்டு வண்டி என்று பேர் வைத்துச் சிரித்தது. ஆனால் அதில் ஏற்றின கண்ணாடி உடையவில்லை, பீரோவில் கீறல் விழவில்லை. தியாகராய நகரில் பட்டுக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் மாணிக்கவாசகம் வேறு வண்டியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜோன் அந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினான். பழகின கையோடு, பதினேழு வயதை இருபது என்று சொல்லிப் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். மறு வருஷம் சிங்கப்பூர் விழுந்தது, கடிதம் நின்றது.

அன்றிலிருந்து ஜோனுடைய பலகைகள் சாமான் தாங்கவில்லை. அவற்றின் மேல் டிரங்குப் பெட்டியோ அரிசி மூட்டையோ எதை வைத்தாலும் தெரு முனை தாண்டுவதற்குள் பக்கத்துப் பலகைக்கு நகர்ந்துவிடும். ஒரு ஆள் படுக்கிற இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். 1942 சித்திரையில் குண்டு பயத்தில் பட்டணமே காலியானபோது, பாய் பொருத்திக் கொடுத்த, கரியை எரித்து அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டும் டிரம்மின் புண்ணியத்தில் பெட்ரோல் இல்லாமலே ஓடிய அந்த வண்டிதான் பாதி மயிலாப்பூரையும் பாதி மேற்கு மாம்பலத்தையும் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எல்லாம் மிச்சம் நாலு பலகையில். நோரா மட்டும் ஊரை விட்டுப் போக மறுத்தாள். அந்த இடம் காலியாக இருக்கும்வரை தன் பையன் இருக்கிறான் என்பது அவள் கணக்கு. பலகை வளர்ந்ததும் கணக்கு சரியாகிவிட்டது. விக்டர் மட்டும், அந்த ஐப்பசி வெள்ளத்தில் மரம் ஊறியிருக்கும் என்றான். பிரகாசம் வந்து தடவிப் பார்த்து, உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து எடுத்த அளவு இது, அவன் போய்விட்டால் மரம் வெறும் கட்டையாகிவிடும், இது இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின சாயங்காலம், சர்க்கார் கடிதம் வந்தது. ஜோன் இறந்துவிட்டதாகக் கருத வேண்டியது என்று எழுதியிருந்தது. காலையில் நோரா நெற்றியில் சாம்பல் வாங்கக் கோயிலுக்குப் போனாள். விக்டர் வண்டிக்குப் பின்னால் நின்று, வளர்ந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பலகைகளைப் பார்த்தான். மகன் மேல் அவனுக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காலி இடத்தை இன்னொரு நாள் சுமக்க அவனால் முடியவில்லை. ரம்பத்தை எடுத்தான். நோரா திரும்பி வந்தபோது இடப்பக்கத்துப் பலகையில் ஒன்றேகால் அடி கீழே விழுந்து கிடந்தது. ரம்பம் அடுத்த பலகை மேல் இருந்தது. அவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"போதுங்க," என்றாள். "இத விட்டுடுங்க."

விழுந்த துண்டை எடுத்துப் போய்த் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். இறந்தவர் பூசைக்கு அவள் சம்மதிக்கவில்லை.

அந்த ஆகஸ்டில், அறுபடாத பலகை இன்னும் ஒரு விரல் வளர்ந்தது. அளந்துவிட்டு நோரா சிரித்தாள். பிறகு பக்கத்தில் வளராமல் குட்டையாகவே நின்றுவிட்ட பலகையைப் பார்த்தாள். இரண்டு நாள், புடவைக்கு அடியில் இருந்த துண்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். விக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்த மரத்துண்டை எடுத்துக்கொண்டு பிரகாசத்திடம் போய், வேண்டியதைச் சொன்னாள். படுக்கிறவர்களுக்கே வேலை செய்து பழகினவன், நிற்பதற்கென்று ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை. ஒரு விரல் குறைந்ததற்கு ஷரஃபுதீன் பாய் பழைய டயரில் அடி வைத்துக் கொடுத்தார்.

1945 டிசம்பரில், தந்திக்குப் பின்னாலேயே, ஜோன் கப்பலில் வந்து இறங்கினான். அப்பாவைவிட உயரம். இரண்டு கக்கத்திலும் கட்டை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விக்டர் அந்தக் காலைப் பார்த்தான், வண்டியைத் திரும்பிப் பார்த்தான், துறைமுகத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நோரா மகனை மேடையில் ஏற்றி உட்கார வைத்து, தான் கொண்டுவந்திருந்த துணி மூட்டையைப் பிரித்து, வேங்கைக் காலை வாரால் கட்டினாள். மயிரிழை தப்பவில்லை.

கால் போனது என்றைக்கு என்று விக்டர் கீழேயிருந்து கேட்டான். ஜோன் சொன்னான். கைதி முகாமில் காலெல்லாம் புண் வந்து அழுகியது. மருந்து கிடையாது. மதுரைக்காரக் கம்பவுண்டர் ஒருவர் தண்டவாளத்துக் கட்டை அறுக்கிற ரம்பத்தால் எடுத்தார். தேதி மறக்காது, விபூதிப் புதன், அன்று காலையில்தான் அந்தக் கம்பவுண்டரே அடுப்புச் சாம்பலை எடுத்து வேதக்காரப் பையன்கள் நெற்றியில் பூசியிருந்தார். அடுத்த காலிலும் புண் இருந்தது. ரம்பத்தை வைத்தவருக்கு என்ன தோன்றியதோ, அறுக்காமல் ரம்பத்தை எடுத்துவிட்டார்.

"நான்தான்டா அறுத்தேன்," என்றான் விக்டர். நடந்ததைச் சொன்னான்.

ஜோன் குட்டைப் பலகையைத் தடவிப் பார்த்தான். அம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

"அன்னிக்கி அறுக்காம வுட்டிருந்தா சாயங்காலத்துக்குள்ள நான் போயிருப்பேன் நைனா," என்றான். "எந்திரி. கிராங்க் போடு."

வேங்கைக் காலை கிளச்சில் வைத்து, துறைமுகத்திலிருந்து சாந்தோம் வரைக்கும் கடற்கரை ரோட்டில் அவனே ஓட்டிக்கொண்டு போனான். விக்டர் பின்னால் தன் பலகையில் உட்கார்ந்து வந்தான். மறுநாள் மாணிக்கவாசகத்தின் கடையிலிருந்து எட்டு பீரோக்களை அடையாறுக்குக் கொண்டுபோனார்கள். சாமான் ஆறு பலகையிலும் அசையாமல் நின்றது.